குப்பைக்குச் சாட்சி யார்?

கப்பல்கள் கடலில் குப்பை கொட்டுவதைத் தடுக்கச் சட்டமே இல்லையா என்று கேட்பவர்கள் உண்டு. சட்டம் தாராளமாகவே இருக்கிறது. மார்போல் என்னும் சர்வதேச உடன்படிக்கையின் ஐந்தாவது இணைப்பு 1988 டிசம்பர் 31 முதல் அமலில் உள்ளது. இந்தியாவும் அதில் சேர்ந்த நாடுதான். அதன்படி பிளாஸ்டிக் எந்தக் கடலிலும் ஒரு துண்டுகூட விழக்கூடாது. அதை எரித்த சாம்பலும் ஆகாது. சாப்பாட்டு மிச்சத்தைக்கூட அரைத்திருந்தால் 3 கடல் மைலுக்கு அப்பாலும், அரைக்காவிட்டால் 12 மைலுக்கு அப்பாலும்தான் போடலாம்.

சரி, யார் பார்க்கிறார்கள்? கப்பலில் குப்பைப் பதிவேடு ஒன்று உண்டு. எந்தத் தேதி, எந்த இடம், எவ்வளவு குப்பை என்று எழுதி, கேப்டன் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட வேண்டும். 2024 மே முதல் 100 கிராஸ் டன் கப்பலுக்கும் இது கட்டாயம். ஆனால் எழுதுவது யார்? கொட்டுகிறவர்களேதான்! நம் நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை எடை போடும்போது விவசாயி தராசுப் பக்கத்தில் நின்று பார்க்கிறார். நடுக்கடலில் பக்கத்தில் நிற்க யார் இருக்கிறார்கள்?

குத்தாலத்துக்காரனுக்குக் கடல் கவலை எதற்கு என்று கேட்காதீர்கள். நம் வாசலுக்கு வரும் மீன் தரங்கம்பாடியிலும் பூம்புகாரிலும் பிடித்ததுதான். தை, மாசியில் முட்டையிட நம் கரைக்கு வரும் பங்குனி ஆமை, மிதக்கும் பாலிதீன் பையைச் சொறி மீன் என்று விழுங்கிச் சாகிறது.

"நாமே காவிரியில் கொட்டுகிறோமே, கப்பல்காரனை மட்டும் சொல்வானேன்?" என்பார்கள். நியாயம்தான். கடல் குப்பையில் பெரும்பகுதி கரையிலிருந்தே போகிறது. அதையும் நிறுத்த வேண்டியதுதான். ஆனால் ஆற்றில் கொட்டினால் படித்துறையில் நிற்பவர் நாலு வார்த்தை கேட்பார். கடலில் கேட்க ஆளில்லை.

அமெரிக்காவில் இதற்கு வழி கண்டார்கள். 1991இல் புளோரிடா அருகே ஓர் உல்லாசக் கப்பலின் ஊழியர்கள் குப்பைப் பைகளைக் கடலில் வீசுவதை, பயணிகளான ஒரு தம்பதி வீடியோ எடுத்தார்கள். 1993இல் பிரின்சஸ் குரூயிசஸ் நிறுவனத்துக்கு 5 லட்சம் டாலர் அபராதம் விழுந்தது. அதில் பாதி அந்தத் தம்பதிக்கே போயிற்று. தகவல் கொடுத்தவருக்கு அபராதத்தில் பாதி வரை தர அந்த நாட்டுச் சட்டம் இடம் கொடுக்கிறது.

நம் நாட்டிலும் தங்கக் கடத்தலுக்குத் துப்புக் கொடுத்தால் சுங்கத்துறை வெகுமதி தருகிறது. கடலைக் கெடுப்பவனைக் காட்டிக்கொடுக்கும் மாலுமிக்கும் அதைத் தாருங்கள். அவர் பெயர் வெளியே வரக்கூடாது, வேலையும் போகக்கூடாது. அதோடு, துறைமுகத்தில் கப்பலைச் சோதிக்கும் அதிகாரி பதிவேட்டைப் புரட்டினால் மட்டும் போதாது, ஒரு சின்னக் கணக்கும் போடட்டும். 20 பேர் 30 நாள் கடலில் சாப்பிட்டுக் குடித்திருக்கிறார்கள். தண்ணீர் பாட்டிலும் பாலிதீன் உறையும் சேர்ந்திருக்குமே! கப்பலில் அவை இல்லை, எந்தத் துறைமுகத்திலும் இறக்கிய ரசீதும் இல்லை என்றால் எங்கே போயின?

அந்தக் கேள்விக்குப் பதில் வரும்வரை கப்பல் கிளம்பக்கூடாது. ஒரு நாள் தாமதத்தில் முதலாளிக்கு ஆகும் நஷ்டம், பத்து வருடம் எச்சரித்தாலும் வராத புத்தியைக் கொண்டுவரும்.