கடல் கடந்து கற்பிக்கப் போகிறவர்கள்

கல்லூரி விடுமுறைக் காலத்தில் மீனம்பாக்கத்திலிருந்து கிளம்பும் விமானங்களில், வெளிநாட்டுப் பள்ளியொன்றில் சில வாரங்கள் தொண்டு செய்யப் புறப்படும் மாணவர்களும் இருக்கிறார்கள். குரோம்பேட்டை, பல்லாவரம், தாம்பரம் வீடுகளிலிருந்து அப்படிப் போகிற பிள்ளைகளைப் பெற்றோர் பெருமையோடு வழியனுப்புகிறார்கள். அதே போல, அயல்நாட்டு மாணவர்கள் நம் பள்ளிகளுக்கும் வந்து, பாட்டும் ஆங்கிலமும் சொல்லிக்கொடுத்து, சுவருக்கு வண்ணம் பூசிவிட்டுப் போகிறார்கள். இது இந்தத் தலைமுறையின் புதுப்பழக்கம் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். ஆனால் கற்பிப்பதற்காகக் கடல் கடக்கும் இந்த வழக்கத்துக்குச் சென்னையில் இருநூறு ஆண்டுக்கும் மேற்பட்ட வயது உண்டு. அதன் வரவுசெலவுக் கணக்கு நம் முன்னோர் கையில் இருந்து நமக்கு வந்திருக்கிறது.

1789இல் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், படைவீரர்களின் ஆண்பிள்ளைகளுக்காக எழும்பூரில் நடந்த அனாதை விடுதிப் பள்ளியின் பொறுப்பை ஏற்றார். சம்பளம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவர் கண்ட தடை பணமல்ல; ஆசிரியர்கள் அவர் சொன்ன மாற்றங்களுக்கு இசையவில்லை, பிள்ளைகளுக்குப் பாடம் ஏறவில்லை. ஒருநாள் காலை குதிரையில் போகும்போது, வழியில் ஒரு நாட்டுப் பள்ளிக்கூடத்தைப் பார்த்தார். பரப்பிய மணலில் பிள்ளைகள் விரலால் எழுத்தை எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒரு எழுத்தை எழுதுவது, கையால் தடவி அழிப்பது, மறுபடி எழுதுவது. பலகையும் வேண்டாம், காகிதமும் வேண்டாம். திண்ணைப் பள்ளிக்கூடங்களில் மூத்த பிள்ளையான சட்டாம்பிள்ளை, இளையவர்களை உட்காரவைத்துப் பாடம் கேட்பதும் இங்கே காலங்காலமாக இருந்த ஏற்பாடுதான். பெல் விடுதிக்குத் திரும்பி, மணலைப் பரப்பச் சொன்னார். பெரியவர்கள் மறுத்ததை ஒரு சிறுவனிடம் ஒப்படைத்தார். பிள்ளை பிள்ளைக்குக் கற்றுக்கொடுத்தது. 1796இல் ஊர் திரும்பிய அவர், அடுத்த ஆண்டே அதை நூலாக எழுதினார். ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரோடு அது இங்கிலாந்தின் ஆயிரக்கணக்கான ஏழைப் பள்ளிகளுக்குப் பரவியது. அவர் பிறந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் அவர் விட்டுச்சென்ற பணத்தில் எழுந்த பள்ளிக்கு இன்றும் ‘மெட்ராஸ் காலேஜ்’ என்றே பெயர். அந்த நாட்டுப் பள்ளி மணலில் எழுதிய பிள்ளைகளின் பெயரோ, அவர்களுக்கு அகரம் சொல்லித்தந்த வாத்தியாரின் பெயரோ எந்த ஏட்டிலும் இல்லை என்பதை நினைக்கும்போது மனம் கனக்கிறது.

பெல்லுக்குப் பின்னும் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். 1837இல் ஜான் ஆண்டர்சன் என்ற பாதிரியார் 59 மாணவர்களோடு ஒரு பள்ளியைத் தொடங்கி, 1855இல் இந்த ஊர் மண்ணிலேயே இறந்தார். இருபத்து நான்கு வயதில், இன்றைய சேவைப் பயண மாணவரைவிடச் சற்றே மூத்தவராக, 1862இல் வந்திறங்கிய வில்லியம் மில்லர் அதைக் கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்த்தார். அவர் விடைபெற்றது 1907இல். பள்ளி தொடங்கிச் சரியாக நூறு ஆண்டு கழித்து, 1937இல், அந்தக் கல்லூரி தாம்பரத்துக் காட்டுக்குக் குடிபெயர்ந்தது. மதமாற்ற நோக்கமும் ஆட்சியின் நிழலும் இவர்கள் வரவில் இருந்தன. அவற்றை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. ஆனாலும் தங்கியவர்கள் தங்கிய காலத்தின் அளவுக்குக் கற்றுக்கொண்டார்கள், கொடுத்தார்கள்.

கொடுப்பது வெளியிலிருந்து வருபவர்களுக்கு மட்டும் உரியதாகவும் இருக்கவில்லை. தோல் பதனிட்ட குரோம் லெதர் ஆலையால் பெயர் பெற்ற இதே குரோம்பேட்டையில், 1949இல் தொழிலதிபர் சி. ராஜம் தம் மாளிகையை விற்று எம்.ஐ.டி. பொறியியல் கல்லூரியை நிறுவினார். 1969இல் காந்தி நூற்றாண்டையொட்டித் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டம், நம் கல்லூரிப் பிள்ளைகளை ஆண்டுதோறும் கிராமத்துப் பள்ளிகளில் சில நாள் தங்கவைத்தது. பெருந்தொற்றுக் காலத்தில், 2021இல் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’த் திட்டத்தில் மாலைதோறும் பாடம் சொன்னவர்கள் பெரும்பாலும் அந்தந்தத் தெருப் பெண்கள். பாடம் முடிந்த பிறகும் அவர்கள் அந்தத் தெருவில்தான் இருந்தார்கள். எந்தப் பிள்ளை எதற்காக வரவில்லை என்று அவர்களுக்குத் தெரிந்தது. இரண்டு வார விருந்தாளியால் இது ஆகாது.

ஆகவே, இந்த விடுமுறையில் பெட்டி கட்டும் மாணவர்களுக்குச் சொல்ல விரும்புவது இதுதான். போங்கள். போய் இறங்கியதும் கரும்பலகைப் பக்கம் நடக்காமல், முதல் சில நாள் கடைசி வரிசையில் உட்கார்ந்து, அங்குள்ள ஆசிரியர் எப்படிச் சொல்லித் தருகிறார் என்று பாருங்கள். அவருக்கு என்ன தேவை என்று அவரிடமே கேளுங்கள். அவர் பெயரை எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.