கூவத்தூரில் இருக்கும் எங்கள் எம்.எல்.ஏ.வுக்கு

நாளை, 2017 பிப்ரவரி 18, கூவத்தூர் விடுதியிலிருந்து கிளம்பி நம்பிக்கை வாக்கெடுப்புக்காகக் கோட்டைக்கு வரப்போகிறீர்கள். எடப்பாடி பழனிசாமி அரசுக்கு எதிராக வாக்களியுங்கள். அவர்மீது எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. அவரைத் தேர்ந்தெடுத்த விதத்தில்தான் ஆட்சேபம். ஜெயலலிதா இறந்த டிசம்பர் நள்ளிரவில் பன்னீர்செல்வம், பிப்ரவரி 5-இல் சசிகலா, உச்ச நீதிமன்றம் சசிகலாவின் தண்டனையை உறுதிசெய்த 14-ஆம் தேதியே பழனிசாமி. எழுபது நாள் சொச்சத்தில் உங்கள் சட்டமன்றக் கட்சிக்கு மூன்று தலைவர்கள், மூவரும் ஒருமனதாக! கொறடா உத்தரவை மீறினால் பதவி போகும் என்பீர்கள். 1985-இல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் 15 நாளுக்குள் கட்சியே மன்னித்துவிடவும் அதில் இடமுண்டு. (உங்கள் கட்சிக்கு அவ்வளவு பெரிய மனசு கிடையாது, தெரியும்.) இடைத்தேர்தல் வந்தால் வரட்டும். மயிலாப்பூர் எம்.எல்.ஏ. நடராஜ் எதிர்த்து வாக்களிப்பதாக அறிவித்துவிட்டார். அவருக்கும் அதே சட்டம்தானே? 2016 மே மாதம் நாங்கள் ஓட்டுப் போட்டது ஜெயலலிதா முகத்தைப் பார்த்து என்பதை நீங்களே மறுக்கமாட்டீர்கள். அந்த நாற்காலியில் அடுத்து யார் என்று தொகுதிப் பக்கம் வந்து ஒரு வார்த்தை கேட்டீர்களா? செல்போன் கையில் இருந்தால் இன்றிரவே கூப்பிடுங்கள், சொல்கிறோம்.