காட்டுக்குப் போகாதே என்பது மருத்துவமல்ல

மேற்குத் தொடர்ச்சி மலையின் கன்னடப் பக்கத்தில், மழை ஓய்ந்து பனி விழத் தொடங்கியதும் ஆண்டுதோறும் ஒரு செய்தி வருகிறது. இன்ன ஊரில் குரங்கு செத்துக் கிடந்தது, இன்ன ஊரில் நாலு பேருக்குக் காய்ச்சல். கூடவே அறிவுரையும் வரும்: காட்டுக்குள் போகாதீர்கள், குரங்குகளை அண்டவிடாதீர்கள், எண்ணெய் பூசிக்கொள்ளுங்கள். இதைக் கேட்காதவர்களுக்குத்தான் நோய் வருகிறது என்று நகரத்தில் இருப்பவர்கள் தீர்ப்பும் எழுதிவிடுகிறார்கள். குரங்குக் காய்ச்சல் எனப்படும் கியாசனூர் காட்டு நோயைப் பற்றிய இந்தப் பேச்சில் பாதி தவறு. மீதி சரியாக இருந்தும் யாருக்கும் உதவாதது.

குரங்கிலிருந்து தொடங்குவோம். 1957இல் சிவமொக்கா மாவட்டத்தின் சொரப வட்டத்தில், கியாசனூர் காட்டில் குரங்குகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. சுற்றியிருந்த ஊர்களில் ஆட்களும் காய்ச்சலில் விழுந்தார்கள். அன்று புனேயில் இருந்த வைரஸ் ஆராய்ச்சி மையத்தார் இரண்டுக்கும் காரணம் ஒரே வைரஸ் என்று கண்டார்கள். அதைச் சுமந்து திரிவது குரங்கல்ல, ஹீமாஃபைசாலிஸ் ஸ்பினிஜெரா என்ற காட்டு உண்ணி. நம்மைப் போலவே குரங்கும் அதனிடம் கடிபட்டுத்தான் நோயில் விழுகிறது. நோயுற்ற குரங்கின் ரத்தத்தில் வைரஸ் பெருகுவதால், அப்போது அதைக் கடிக்கும் உண்ணிகளுக்கும் தொற்றிவிடுகிறது என்பது உண்மைதான். குரங்கு செத்து உடல் குளிர்ந்ததும் அவை இறங்கிச் சருகில் பரவும். செத்த இடத்தைச் சுற்றி 50 மீட்டருக்குப் பூச்சிமருந்து அடிப்பது இதனால்தான். குரங்கை விரட்டியடித்தால் நோய் இன்னொரு தோப்புக்கு இடம் மாறும், அவ்வளவுதான். உண்மையில் குரங்கின் சாவு ஊருக்குக் கிடைக்கும் முதல் எச்சரிக்கை. அதை மறைக்காமல், தொடாமல், அன்றைக்கே வனத்துறைக்கோ சுகாதார நிலையத்துக்கோ சொல்ல வேண்டும். 2012இல் பந்திப்பூர் பக்கம் நோய் கண்டவர்களில், செத்த குரங்குகளை எரிக்கும் வேலையில் இருந்த தொழிலாளர்களும் உண்டு.

இனி, காட்டுக்குப் போகாதே என்ற அறிவுரை. எனக்கு அதிகம் கோபம் வருவது இதில்தான். மலைநாட்டில் காடு எங்கே முடிகிறது, ஊர் எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழித்துக் காட்ட யாராலும் முடியாது. பாக்குத் தோட்டத்துக்குத் தழை உரம் பக்கத்து மலைச்சரிவிலிருந்து வருகிறது. மாட்டுத்தொழுவத்தில் பரப்பும் சருகும் அடுப்புக்கான சுள்ளியும் அங்கிருந்துதான் வருகின்றன. மாடு மேய்வதும் அங்கேதான். ஆளைக் கடிக்கும் இளம் உண்ணிகள் மிகுதியாக இருப்பது நவம்பர், டிசம்பரிலிருந்து மே வரை. சருகு வாருவதும், மழைக்கு முன் விறகு சேர்ப்பதும், வனத்துறைக்காகத் தீத்தடுப்புக் கோடு வெட்டுவதும் இதே மாதங்களில். 2015இல் கோவாவின் சத்தாரி வட்டத்துக்கும் 2016இல் மகாராஷ்டிரத்தின் சிந்துதுர்க் மாவட்டத்துக்கும் நோய் போனபோது மாட்டிக்கொண்டவர்களில் முந்திரித் தோப்பில் வேலை செய்தவர்கள் பலர். முந்திரிக்கொட்டை பொறுக்கும் பருவமும் இதுவே. இவர்களிடம் காட்டுக்குப் போகாதே என்பது, ஆறு மாதம் கூலி இல்லாமல் இரு என்று சொல்வதாகும். அந்தக் கூலியை ஈடுகட்டுவோம் என்று சேர்த்துச் சொல்பவர்களை நான் கேட்டதில்லை.

போகாமலே இருந்தாலும் தப்ப முடியாது. வைரஸ் மாட்டின் உடலில் பெரிதாகப் பெருகுவதில்லை. ஆனால் வளர்ந்த உண்ணிகள் மாட்டின் ரத்தத்தைக் குடித்து, உதிர்ந்து, ஆயிரக்கணக்கில் முட்டையிடுகின்றன. அதனால் தொழுவம் கூட்டுகிறவருக்கும் முற்றத்தில் சருகுக் குவியல் வைத்திருக்கிறவருக்கும் உண்ணி வீட்டு வாசலிலேயே இருக்கிறது. மாட்டின் முதுகில் உண்ணிமருந்து ஊற்றுவதும், சருகை வீட்டிலிருந்து தள்ளிக் குவிப்பதும் ஊரே சேர்ந்து செய்ய வேண்டிய வேலைகள். ஒரு வீடு மட்டும் செய்து பயனில்லை. காட்டை வெட்டிவிட்டால் நோய் ஒழியும் என்று நினைப்பவர்கள் 1982–84இல் பெல்தங்கடி வட்டாரத்தில் நடந்ததைப் பார்க்கலாம். அங்கே முந்திரித் தோட்டம் போடக் காடு அழித்ததை ஒட்டித்தான் நோய் பெரிதாக வெடித்தது.

எண்ணெய் விஷயத்தில் எனக்குப் பெரிய சண்டை இல்லை. பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய டெபா என்ற விரட்டியைக் கர்நாடக அரசு இலவசமாகத் தருகிறது. பூசினால் பலன் உண்டு. ஆனால் வியர்வையில் வேலை செய்யும் உடம்பில் அது சில மணி நேரமே நிற்கும். நடுப்பகலில் மறுபடி பூச, குப்பி கையோடு இருக்க வேண்டும். அதோடு, கால்சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளலாம். திரும்பியதும் துணியை வெந்நீரில் போட்டுவிட்டு, சோப்புப் போட்டுக் குளித்து, அக்குளையும் இடுப்பையும் காதுமடலின் பின்புறத்தையும் தடவிப் பார்க்க வேண்டும். இளம் உண்ணி எள்ளளவுகூட இருக்காது, கடிப்பதும் வலிக்காது. மண்ணெண்ணெய் விட்டாலோ தீக்குச்சியால் சுட்டாலோ தானே விழும் என்பது பழைய நம்பிக்கை. நுனி மெல்லிய சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். நகத்தால் நசுக்காதீர்கள்.

தடுப்பூசி வந்துவிட்டால் எல்லாம் தீரும் என்பார்கள். தடுப்பூசி இருந்தது, பல ஆண்டுகள் போடவும் பட்டது. ஒரு மாத இடைவெளியில் இரண்டு, பிறகு சில மாதங்களில் ஒன்று, அதன்பின் ஆண்டுக்கு ஒன்று. 2005–2010 காலத் தரவுகளில் இரண்டு ஊசிக்குக் கிடைத்த பாதுகாப்பு 62 சதவீதம். கூடுதல் ஊசியும் போட்டவர்களுக்கு 83. வலிக்கும் ஊசியை அத்தனை முறை போட்டுக்கொள்ள மக்கள் வரவில்லை. 2022இல் அரசே அதை நிறுத்திவிட்டது. புதியது வரட்டும், வரவேற்போம். அது வரும்வரை மருந்து அடிப்பதையும் மாட்டைக் கவனிப்பதையும் ஒத்திப்போட அது சாக்காகக் கூடாது.

கடைசியாக, இது கர்நாடகத்தின் கவலை என்ற நம்மூர்ப் பேச்சு. பந்திப்பூர், முதுமலை, வயநாடு மூன்றும் ஒரே காடு. 2012–13இல் நீலகிரிப் பக்கத்துக் குரங்குகளிலும் இந்த வைரஸ் கண்டறியப்பட்டது. 2015இல் வயநாட்டில் நூறு பேருக்கு மேல் நோயில் விழுந்தார்கள்.

கூடலூர், மசினகுடிப் பக்கத்தவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பனிக்காலத்திலும் கோடையிலும் திடீரென்று குளிர்காய்ச்சலும் கடும் தலைவலியும் உடம்புவலியும் வந்தால், கடையில் ஆஸ்பிரின் வாங்கி விழுங்காதீர்கள். இந்த நோயில் ரத்தக்கசிவு உண்டு, ஆஸ்பிரின் அதை மோசமாக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், சீட்டு எழுதும் முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள்: கடந்த பத்து நாளில் எந்தக் காட்டுக்குப் போனேன், எந்தத் தோப்பில் வேலை செய்தேன், உண்ணி கடித்ததா, அங்கே குரங்கு செத்துக் கிடந்ததா.