திருப்பூரில் ஊர்தி இரைச்சல் கட்டுப்பாடு

ஊர்தி இரைச்சல் கட்டுப்பாடு என்பது சாலையில் ஓடும் ஊர்திகளின் புகைக்குழாய், ஒலிப்பான் (ஹாரன்) முதலியவற்றிலிருந்து எழும் மிகையான ஒலியைச் சட்டத்தின் வாயிலாகவும் காவல் நடவடிக்கை வாயிலாகவும் குறைக்கும் முயற்சிகளைக் குறிக்கும். இந்தியாவில் இதற்கெனப் பல சட்டங்களும் விதிகளும் உள்ளன. மக்கள் இரவில் உறங்குவர், வீடும் தொழிற்கூடமும் வெவ்வேறு இடங்களில் இருக்கும் என்னும் இரண்டு எடுகோள்கள் மீது அவற்றுள் முதன்மையானவை எழுப்பப்பட்டுள்ளன. தமிழ்நாட்டின் திருப்பூர் பின்னலாடை வட்டாரத்தில் இவ்விரண்டும் முழுமையாகப் பொருந்துவதில்லை. இச்சட்டங்களின் வலிமையையும் குறையையும் அறிந்துகொள்ள இவ்வூர் தக்க எடுத்துக்காட்டு ஆகும்.

பின்னணி

இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் திருப்பூரிலிருந்து செல்கிறது. இத்தொழில் ஒரே கூரையின் கீழ் நடப்பதன்று. நூல் ஓரிடத்தில் பின்னப்பட்டு, இன்னோரிடத்தில் சாயமேற்றப்பட்டு, வேறிடங்களில் வெட்டி, தைத்து, அச்சிட்டு, தேய்த்து, கட்டப்படுகிறது. ஒவ்வொரு நிலைக்கும் இடையே துணி உருளைகள் சிறு சரக்குந்துகளிலும் இரு சக்கர ஊர்திகளிலும் தெருத்தெருவாகச் செல்கின்றன. டிவிஎஸ் எக்செல் வண்டியின் முன்னும் பின்னும் துணி மூட்டைகளை அடுக்கிச் செல்வோரைக் காணாமல் இந்நகரின் எந்தச் சாலையையும் கடக்க முடியாது. அதாவது, பிற ஊர்களில் தொழிற்சாலையின் உள்ளே நடக்கும் போக்குவரத்து இங்கே பொதுச் சாலையில் நடக்கிறது.

பனியன் நிறுவனங்கள் பல குடியிருப்புத் தெருக்களிலேயே அமைந்துள்ளன. கீழ்த்தளத்தில் தையல் எந்திரங்களும் மேல்தளத்தில் குடியிருப்பும் உள்ள கட்டடங்கள் மிகுதி. பின்னல் எந்திரங்கள் இரவு பகலாக முறைமாற்றில் (ஷிப்டு) இயங்குகின்றன. இரவுப் பணி முடித்த தொழிலாளர் காலையில் உறங்கச் செல்கின்றனர். தென் மாவட்டங்களிலிருந்தும் பீகார், ஒடிசா, சார்க்கண்டு முதலிய மாநிலங்களிலிருந்தும் வந்தோர் பலர் சாலையை ஒட்டிய வரிசை வீடுகளிலும் விடுதிகளிலும் தங்கியுள்ளனர். இவர்களுக்குச் சன்னலை மூடிவிட்டு உறங்குவது என்பது கோடையில் இயலாத செயல்.

ஒலியடக்கி

இயக்குபொறியிலிருந்து வெளியேறும் வளி உயர் அழுத்தத் துடிப்புகளாக வருகிறது. ஒலியடக்கியில் (சைலன்சர்) உள்ள அறைகள், துளையிட்ட குழாய்கள், கண்ணாடி இழை ஆகியன அத்துடிப்பைத் தணிக்கின்றன. இதனை அகற்றிவிட்டு அறைகளற்ற குழாயைப் பொருத்தினால் ஒலி பன்மடங்கு உயரும். சந்தையில் கிடைக்கும் மாற்று ஒலியடக்கிகள் சிலவற்றில் "டிபி கில்லர்" எனப்படும் கழற்றத்தக்க உட்குழாய் உள்ளது. சோதனை நடக்கும் நாளில் அதை மாட்டுவதும் மற்ற நாளில் கழற்றுவதும் ஒரு திருகாணியைப் பொறுத்தது. 2020 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள பாரத் நிலை 6 ஊர்திகளின் வினையூக்கி மாற்றியும் இப்புகைக் குழாய்த் தொடரிலேயே உள்ளது. முழுத் தொடரையும் மாற்றுவோர் ஒலியுடன் நச்சு வளியையும் கூட்டுகின்றனர்.

சட்டங்கள்

1987ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழி, 1981ஆம் ஆண்டின் காற்று மாசுத் தடுப்புச் சட்டத்தில் இரைச்சலும் மாசாகச் சேர்க்கப்பட்டது. 1989ஆம் ஆண்டின் நடுவண் மோட்டார் ஊர்தி விதிகளில் 120ஆம் விதி எல்லா ஊர்திகளுக்கும் ஒலியடக்கியைக் கட்டாயமாக்குகிறது. தயாரிப்பு நிலையில் ஊர்திகளுக்கு ஒலி வரம்பு உண்டு. 2005 ஏப்ரல் முதல் 80 கன செ.மீ. வரையிலான இரு சக்கர ஊர்திகளுக்கு 75 டெசிபெல், 80 முதல் 175 வரை 77, அதற்கு மேல் 80 என வரையறுக்கப்பட்டது. தயாரிப்பாளரின் வடிவமைப்பிலிருந்து மாறுபடும் வகையில் ஊர்தியை மாற்றுதல் கூடாது என்று 2019 சனவரியில் உச்ச நீதிமன்றம் கூறியது.

2000ஆம் ஆண்டின் ஒலி மாசு (ஒழுங்குபடுத்தல், கட்டுப்படுத்தல்) விதிகள் ஊர்தியை அன்றி இடத்தை அளக்கின்றன. தொழிற்பகுதிக்குப் பகலில் 75 டெசிபெல், இரவில் 70. வணிகப் பகுதிக்கு 65, 55. குடியிருப்புக்கு 55, 45. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரையிலான அமைதிப் பகுதிக்கு 50, 40. பகல் என்பது காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை. பல பயன்பாடுகள் கலந்த பகுதியை இந்நான்கில் ஒன்றாக உரிய அதிகாரி அறிவிக்கலாம் என்று ஒரு குறிப்பும் உள்ளது. ஒரு வரியில் சொல்லிச் செல்லப்பட்ட இக்குறிப்பிற்குள் திருப்பூரின் பெரும்பகுதி அடங்கிவிடும். ஒரு தெருவைத் தொழிற்பகுதி என்பதா குடியிருப்பு என்பதா என்ற கேள்விக்கு 20 டெசிபெல் வேறுபாடு காத்திருக்கிறது. டெசிபெல் மடக்கை அளவீடு ஆதலால் 20 டெசிபெல் என்பது நூறு மடங்கு ஆற்றல் ஆகும்.

அளவீட்டுச் சிக்கல்

மேற்கண்ட வரம்புகள் கணநேர ஒலியைக் குறிப்பன அல்ல, காலச் சராசரியைக் குறிப்பன. வீட்டருகே ஒரு வண்டி 95 டெசிபெல் ஒலியுடன் 5 வினாடிகள் கடந்து செல்கிறது, வேறு ஒலி எதுவும் இல்லை எனக் கொள்வோம். பகலின் 16 மணி நேரத்திற்குச் சராசரி கண்டால் ஏறத்தாழ 54 டெசிபெல் வரும். இது குடியிருப்பு வரம்பிற்குள் உள்ளது. அதே வண்டி இரவில் வந்தால் 8 மணி நேரச் சராசரி ஏறத்தாழ 57. இது குடியிருப்பின் இரவு வரம்பைவிட 12 டெசிபெல் மிகுதி. ஆனால் அத்தெரு தொழிற்பகுதி எனக் கொள்ளப்பட்டால் மீறல் எதுவும் இல்லை. விதிகளின்படி, வரம்பை 10 டெசிபெல் அல்லது அதற்கு மேல் தாண்டும்போது பொதுமக்கள் முறையீடு செய்யலாம். இரவுப் பணி முடித்துக் காலை 9 மணிக்கு உறங்குபவர் அந்த ஒரு வண்டியால் விழித்துக்கொண்டாலும் இக்கணக்கில் அவருக்கு முறையீடு இல்லை.

ஊர்தியை அளப்பதிலும் இடைவெளி உள்ளது. ஆண்டுதோறும் பெறவேண்டிய மாசுக் கட்டுப்பாட்டுச் சான்றிதழுக்குப் புகை மட்டுமே சோதிக்கப்படுகிறது, ஒலி சோதிக்கப்படுவதில்லை. பேருந்து, சரக்குந்து முதலியவற்றிற்குத் தகுதிச் சான்று ஆய்வில் ஒலியடக்கியும் ஒலிப்பானும் பார்க்கப்படுகின்றன. சொந்தப் பயன்பாட்டு இரு சக்கர ஊர்திக்கோ 15 ஆண்டுகள் நிறையும் வரை அத்தகைய ஆய்வே இல்லை. நடுவண் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2011இல் தொடங்கிய ஒலிக் கண்காணிப்பு வலையமைப்பு சென்னை உள்ளிட்ட ஏழு பெருநகரங்களுக்கானது. திருப்பூர் அதில் இடம்பெறவில்லை. ஆகவே சாலையில் நிற்கும் காவலரின் கண்ணும் காதுமே இங்கு அளவுகோல்.

அரசியல் அணுகுமுறைகள்

இத்துறையில் சட்டமன்றங்களைவிட நீதிமன்றங்களே முன்சென்றுள்ளன. இரைச்சலின்றி வாழ்தல் அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என 2005 சூலையில் தலைமை நீதிபதி ஆர். சி. லகோத்தி, நீதிபதி அசோக் பான் அமர்வு தீர்ப்பளித்தது. மாற்றப்பட்ட ஒலியடக்கிகள் குறித்து 2021 சூலையில் அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் லக்னோ கிளை தாமாகவே வழக்கை எடுத்துக்கொண்டது.

அரசுகள் நாடிய வழி தண்டத்தொகையை உயர்த்துவதாகும். 2019 செப்டம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்த மோட்டார் ஊர்தித் திருத்தச் சட்டம், ஒலி, புகை விதிகளை மீறுவோருக்கு 3 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை தண்டம் அல்லது இரண்டும் என்றது. முன்பு முதல் முறைக்கு இது 1,000 ரூபாய். குசராத்து அரசு அதே மாதத்தில் பல தண்டங்களைக் குறைத்து அறிவித்தது. மேற்கு வங்காளம் ஏற்க மறுத்தது. தமிழ்நாட்டில் உயர்த்தப்பட்ட உடனடித் தண்டங்கள் 2022 அக்டோபரில்தான் நடைமுறைக்கு வந்தன. இரு சக்கர ஊர்தி வைத்திருப்போரே வாக்காளரில் பெரும்பகுதியினர் என்பதை நோக்க, இத்தயக்கம் வியப்பளிப்பதன்று. கைப்பற்றிய ஒலியடக்கிகளைச் சாலை உருளையால் நசுக்கிக் காட்டுவது பல நகரங்களில் காவல்துறை கையாளும் மற்றொரு முறை. செய்தித்தாளில் படம் வருகிறது. அடுத்த தெருவில் விற்பனை தொடர்கிறது. ஊர்தியை மாற்றிய உரிமையாளரை 182அ பிரிவு நேரடியாகத் தண்டிக்கிறது. பாகங்களை விற்பவர் பற்றிய உட்பிரிவோ பாதுகாப்பிற்கு இன்றியமையாதவை என நடுவண் அரசு அறிவிக்கும் பாகங்களோடு நின்றுவிடுகிறது.

சாயக்கழிவு வழக்கோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். நொய்யல் ஆறு கெட்டபோது இழப்பு கண்ணுக்குத் தெரிந்தது; ஒரத்துப்பாளையம் அணையில் நீர் தேங்கி நின்றது; பாதிக்கப்பட்ட உழவர்களுக்கு நொய்யல் ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கம் இருந்தது. அச்சங்கத்தின் வழக்கில் 2006இல் தீர்ப்பு வந்தது. 2011 சனவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணையால் 700க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. இரைச்சலோ எழுந்த மறுகணம் தடயமின்றி மறைகிறது. அதனால் உறக்கம் இழப்போர் அடிக்கடி வீடு மாறும் தொழிலாளர். அவர்களுள் பலருக்கு வாக்குரிமை வேறு மாநிலத்தில் உள்ளது.

பிற நாடுகளில்

ஆஸ்திரியாவின் டிரோல் மாநிலம் 2020 சூன் முதல், ராய்ட்டே மாவட்டத்தின் சில சாலைகளில் கோடைக்காலத்தில் 95 டெசிபெல்லுக்கு மேற்பட்ட நிலை ஒலி கொண்ட மோட்டார் சைக்கிள்களைத் தடை செய்தது. இந்த அளவு அந்நாட்டுப் பதிவுச் சான்றிலேயே அச்சிடப்பட்டிருப்பதால் காவலருக்குக் கருவி தேவையில்லை. பிரான்சில் 2019 திசம்பர்ச் சட்டத்தின்படி ஒலி மானியுடன் கூடிய நிழற்படக் கருவிகள் சோதனை முறையில் நிறுவப்பட்டன. இந்தியாவில் தயாரிப்பாளர் தரும் 22ஆம் படிவத்தில் 2018 முதல் ஒலி அளவு குறிக்கப்படுகிறது. ஆனால் அது சோதனைத் திடலில் வண்டி ஓடிக் கடக்கும்போது எடுக்கப்படும் அளவு. அவிநாசி சாலையில் நிறுத்தப்பட்ட ஒரு வண்டியை அதனுடன் ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை.