விகிதமும் வெற்றிடமும்

அரசாங்க வைத்தியசாலைகளில் ஆட்குறை மிகுந்ததென நம் பாராளுமன்றத்தில் உறுப்பினர் வினவுந்தோறும், அமைச்சர் ஒரு விகிதத்தை விடையாகத் தருவது வழக்கமாயிற்று. 834 பேருக்கு ஒரு மருத்துவர் உளர் என்பது 2022இல் தந்த விடை. கேட்டோர் மகிழ்ந்திருத்தல் கூடும்.

அவ்விகிதம் பிறந்தவாற்றைச் சிறிது நோக்குவோம். பதிவேட்டிலுள்ள ஆங்கில மருத்துவர் 13 லட்சத்தின் மேற்பட்டோருள் நூற்றுக்கு 80 பேர் தொழில் புரிவர் எனக் கொண்டு, சித்தம், ஆயுர்வேதம் முதலிய முறைகளில் தேர்ந்த 5.65 லட்சம் வைத்தியரையும் உடன்கூட்டிக் கண்டது அது. நாட்டு வைத்தியரை யாம் இகழ்வேமல்லேம். எனினும், மகவு குறுக்கே கிடக்கும் தாய்க்கு வயிறு கீறிப் பிள்ளையை எடுத்தல் அவரால் ஆவதன்று. பட்டணத்துத் தனியார் மருத்துவமனையில் அமர்ந்திருப்பவரும் அக்கணக்கில் ஒருவரே; சிற்றூர் ஏழைக்கோ அவர் இல்லாதவரே.

அதே அமைச்சகத்தார் வெளியிட்ட 2021-22ஆம் ஆண்டின் ஊரக சுகாதாரப் புள்ளிவிவரம் வேறொன்று கூறுகின்றது. சமுதாய சுகாதார நிலையங்களுக்கு வேண்டிய அறுவை மருத்துவருள் நூற்றுக்கு 83.2 பங்கும், மகப்பேற்று மருத்துவருள் 74.2 பங்கும், குழந்தை மருத்துவருள் 81.6 பங்கும் குறை!

சுகாதாரம் மாநிலங்களின் பொறுப்பு என்பது அமைச்சகத்தாரின் மற்றொரு விடை. அரசியலமைப்பின்படி அது மெய்யே. ஆயின் மருத்துவக் கல்வி பொதுப்பட்டியலிலன்றோ உளது? அக்கல்வியை நெறிப்படுத்தும் தேசிய மருத்துவ ஆணையத்தைத் தோற்றுவித்த 2019ஆம் ஆண்டுச் சட்டம் பாராளுமன்றமே இயற்றியது. ஆதலின் உறுப்பினர் விகிதம் கேட்டு வாளாதிராது, எந்நிலையத்தில் எப்பதவி எத்துணைத் திங்களாய் வெறுமையாயுள்ளது என்னும் பட்டியலை, மாவட்டவாரியாக, ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் அவைமுன் வைக்குமாறு வற்புறுத்தல் வேண்டுமென்பதே எம் கருத்து.