தில்லைக் காளி தோற்கவில்லை

சிதம்பரத்துக்கு வரும் வெளியூர்ப் பயணிக்கும் அவ்வூரிலேயே பிறந்து வளரும் குழந்தைக்கும் தில்லைக் காளியைப் பற்றி முதலில் சொல்லப்படுவது அவளுடைய தோல்விதான். கூத்தப்பெருமானும் காளியும் போட்டியிட்டு ஆடினார்கள் என்றும், இருவரும் சளைக்காத நிலையில் பெருமான் ஒரு காலைத் தலைக்கு மேல் நேராகத் தூக்கி ஊர்த்துவ தாண்டவம் என்னும் ஆடலை நிகழ்த்தினார் என்றும், பெண்ணாகிய காளி நாணத்தால் அவ்வாறு காலைத் தூக்க மாட்டாமல் தலைகுனிந்தாள் என்றும், தோற்றவள் ஊர் எல்லைக்குப் போக நேர்ந்தது என்றும் கதை விரிகிறது. காதிலிருந்து விழுந்த குண்டலத்தைக் காலாலேயே எடுத்து மாட்டிக்கொண்டார் என்று சொல்வாரும் உண்டு. எப்படிச் சொன்னாலும் முடிவு மாறுவதில்லை. நடராசர் கோயிலின் நிருத்த சபையில் ஊர்த்துவ தாண்டவ மூர்த்தி எழுந்தருளியிருப்பதும், காளி கோயில் ஊரின் வடபுறத்தில் தனித்து நிற்பதும் இதற்குக் கண்கூடான சான்றுகளாகக் காட்டப்படுகின்றன.

இக்கதையை அப்படியே ஏற்றுக்கொண்டாலும் காளியின் ஆட்டத்தில் எக்குறையும் சொல்லப்படவில்லை என்பதை யாரும் பொருட்படுத்துவதில்லை. தாளம் தப்பியதாகவோ உடல் தளர்ந்ததாகவோ கதை கூறாமல், பெண் செய்யத்தகாத ஒன்றை எதிராளி செய்தார், அவள் செய்யவில்லை என்று மட்டும் கூறி, அதையே தோல்வி என்று தீர்ப்பளிக்கிறது. மண்டையோட்டு மாலை பூண்டு அசுரர் குருதி குடித்தவளாகப் பாடப்படும் தெய்வத்துக்கு இந்த ஓர் இடத்தில் மட்டும் குடும்பப் பெண்ணின் கூச்சம் எங்கிருந்து வந்து சேர்ந்தது என்பது வியப்புக்குரியது.

பெண் காலைத் தூக்கி ஆடுவது தகாது என்ற கருத்தை மறுக்கும் முதற்சான்று அதே நடராசர் கோயிலின் கோபுர வாயில்களில் இருக்கிறது. கையும் காலும் இயைந்து அமையும் ஆடல் அலகைக் கரணம் என்று பரதரின் நாட்டிய சாத்திரம் வகுத்து, அவற்றை 108 என எண்ணுகிறது. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல்தளத்தில் சிவனே ஆடுவதாக 81 கரணங்கள் செதுக்கப்பட்டு மீதி இடம் வெறுமையாக விடப்பட்டிருக்க, தில்லையின் கோபுர வாயில்களில் அக்கரணங்களை ஆடுபவள் பெண். கிழக்கு, மேற்குக் கோபுரங்களில் அந்தந்தக் கரணத்துக்குரிய சுலோகமும் கிரந்த எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளதால் எது எந்தக் கரணம் என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. பாதத்தை நெற்றிவரை உயர்த்தித் திலகமிடுவதுபோல் நிற்கும் லலாட திலகம் என்னும் கரணமும் அவற்றுள் ஒன்று. ஊர்த்துவ தாண்டவத்தின் அடிப்படை நிலையாகக் கலை அறிஞர்கள் சுட்டுவதும் அதையே. எந்த அசைவு பெண்ணால் ஆகாது என்று நிருத்த சபையின் முன் நின்று சொல்லப்படுகிறதோ, அந்த அசைவைப் பெண்ணொருத்தி ஆடி நிற்கும் வாயிலைக் கடந்துதான் சொல்பவரும் கேட்பவரும் உள்ளே வந்திருக்கிறார்கள்.

தில்லைக் காளி கோயிலைக் கட்டியவன் 13ஆம் நூற்றாண்டில் சேந்தமங்கலத்திலிருந்து ஆண்ட காடவ மன்னன் கோப்பெருஞ்சிங்கன். 1231இல் மூன்றாம் இராசராச சோழனைச் சிறைப்பிடித்ததாக வரலாறு குறிக்கும் இப்பெயரே நடராசர் கோயிலின் கிழக்குக் கோபுரத்தோடும் தொடர்புடையது. அதை எடுப்பித்த செய்தியை ஆந்திர நாட்டுத் திரிபுராந்தகத்துக் கல்வெட்டு கூறுகிறது. பரதக் கலையில் வல்லவன் என்ற விருதுப்பெயரும் அவனுக்கு உண்டு. ஆடலரசனுக்குக் கோபுரமும் காளிக்குத் தனிக் கற்கோயிலும் எழுப்பிய அரசன், ஆட்டத்தில் தோற்றவளுக்கு இரக்கப்பட்டு இடம் ஒதுக்கினான் என்று கொள்வது அவனது ஆடல் அறிவையும் அரசியல் அறிவையும் ஒருசேரக் குறைத்து மதிப்பதாகும்.

எல்லையில் இருப்பது தண்டனை என்ற எண்ணமும் தமிழ்நாட்டு ஊரமைப்பை அறியாததால் பிறந்தது. வட எல்லையில் செல்லியம்மனோ பிடாரியோ காவல் இருப்பது ஊர்தோறும் காணப்படும் வழக்கம். தஞ்சையைக் கைப்பற்றிய விசயாலயன் முதலில் நிசும்பசூதனியை நிறுவினான் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு கூறும்போது, அவளை அவன் ஒதுக்கிவைத்ததாக யாரும் பொருள் கொள்வதில்லை. சிலப்பதிகாரத்தில் பாண்டியனின் வாயிற்காவலன் கண்ணகியின் தோற்றத்தைச் சொல்ல உவமை தேடும்போது, காட்டைத் தானே விரும்பி உறைபவளாகக் காளியைக் குறிப்பிடுகிறான். அதே காப்பியம் அடுக்கும் பதினோர் ஆடல்களில், அசுரர் ஏவிய நச்சுயிர்களை மிதித்து அழிக்கக் கொற்றவை மரக்கால் பூண்டு ஆடிய ஆடலும் ஒன்று. அங்கே அவளுக்குப் போட்டியாளரும் இல்லை, நடுவரும் இல்லை. காளியோடு இறைவன் ஆடிய செய்தி தேவாரத்திலேயே உண்டு என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் தில்லை என்பது முதலில் ஒரு காடு. இன்றும் பிச்சாவரத்துக் கழிமுகத்தில் வளரும், பால் பட்டால் கண்ணைக் கெடுக்கும் தில்லை மரத்தின் பெயரே ஊருக்கு அமைந்தது. அந்தக் காட்டில் காளி முன்பே இருந்தாள் என்று தலபுராணக் கதையே ஒப்புக்கொள்ளும்போது, அவளை வந்தேறியைப்போல வெளியேற்றிக் காட்டுவது கதைக்குள்ளேயே பொருந்தாமல் நிற்கிறது.

பக்தர்கள் மட்டுமே இந்நம்பிக்கையைச் சுமப்பதாகக் கருதவும் முடியாது. தொல்குடித் தாய்த்தெய்வத்தை ஆண்தெய்வச் சமயம் வென்று அடக்கியதன் சின்னமே இக்கதை என்று முற்போக்காளர்கள் எழுதுகிறார்கள். வருத்தத்தோடு சொல்லப்படுகிறது என்பதைத் தவிர இதுவும் அதே தீர்ப்புதான். இங்கும் காளி தோற்றவளே. தெய்வம் ஒன்று உண்மையிலேயே தோற்கடிக்கப்பட்டால் அது எப்படியிருக்கும் என்பதற்கு மெக்சிகோ நகரில் சான்று உண்டு. 1978இல் அந்நகரின் நடுவே மண்ணைத் தோண்டியபோது, மூன்று மீட்டருக்கும் மிகுந்த குறுக்களவுடைய வட்டக் கல் ஒன்று வெளிப்பட்டது. உடன்பிறந்த போர்த்தெய்வமாகிய ஊயிட்சிலோபோச்ட்லியால் தலையும் கைகால்களும் வெட்டப்பட்டு மலையிலிருந்து உருட்டிவிடப்பட்ட கொயொல்ஷௌகி என்னும் பெண்தெய்வத்தின் துண்டுபட்ட உடல் அதில் செதுக்கப்பட்டிருந்தது. அசுடெக்கு மக்களின் பெருங்கோயிலில், வென்றவனின் சன்னதிக்கு ஏறும் படிக்கட்டின் அடியிலேயே அக்கல் கிடத்தப்பட்டிருந்தது. தில்லைக் காளி யாருடைய படிக்கட்டின் அடியிலும் கிடக்கவில்லை. தனிக் கோயிலில் நல்லெண்ணெய் முழுக்கும் குங்குமக் காப்பும் வெண்ணிற ஆடையும் ஏற்று உக்கிரம் குறையாமல் நிற்கிறாள். நான்முகன் வேதம் ஓதிச் சினம் தணித்தார் என்ற கதைக்கு ஏற்ப நான்கு முகங்கொண்ட பிரம்ம சாமுண்டியாகவும் அங்கேயே வீற்றிருக்கிறாள். தோற்றவளைச் சமாதானப்படுத்த நான்முகன் இறங்கி வருவானேன் என்று கதை சொல்பவர்கள்தாம் விளக்க வேண்டும்.

1981இல் தொடங்கிய சிதம்பரம் நாட்டியாஞ்சலியிலும், நாட்டியப் பள்ளிகளின் அரங்குகளிலும் இக்கதை இன்றும் விருப்பத்தோடு ஆடப்படுகிறது. தனித்து ஆடும் நடன மங்கை சிவனாக நின்று காலை நெற்றிவரை உயர்த்திக் கைத்தட்டல் பெற்ற மறுகணமே, காளியாக மாறி, தன்னால் அது இயலாது என்று முகத்தை மூடிக்கொள்கிறாள்.