செக்-இன் கவுன்ட்டரில் எதற்கு இத்தனை கேள்வி?

சென்னையிலிருந்து அமெரிக்காவுக்கு நேரடி விமானம் கிடையாது. துபாய், தோஹா, ஃபிராங்க்ஃபர்ட், லண்டன் என்று எங்காவது இறங்கி மாறித்தான் ஆக வேண்டும். வளைகுடா வழியாகப் போகும் விமானங்களில் பல அதிகாலை 3, 4 மணிக்குக் கிளம்புபவை. அதனால் நள்ளிரவிலேயே வரிசை தொடங்கிவிடும். முந்தின நாளே ஆன்லைனில் செக்-இன் செய்தவர்களுக்கும் பல நேரம் போர்டிங் பாஸ் வராது. ‘ஆவணங்களைக் கவுன்ட்டரில் காட்டவும்’ என்று ஒரு வரி மட்டும் வரும். அப்புறம் எதுக்கு ஆன்லைன் செக்-இன்? நியாயமான கேள்விதான்.

கவுன்ட்டரில் இருப்பவர் டிக்கெட்டையும் பெட்டியின் எடையையும் மட்டும் பார்ப்பதில்லை. நீங்கள் போகும் நாட்டின் குடியேற்ற அதிகாரி செய்ய வேண்டிய வேலையில் ஒரு பகுதியை மீனம்பாக்கத்திலேயே செய்கிறார். பயணியிடம் உரிய ஆவணங்கள் இருக்கின்றனவா என்று ஏறும் இடத்திலேயே பார்ப்பது விமான நிறுவனத்தின் பொறுப்பு என்கிறது 1944 சிகாகோ உடன்படிக்கையின் 9-வது இணைப்பு. தவறினால் அபராதம். பிரிட்டன் சட்டப்படி ஒரு பயணிக்கு 2,000 பவுண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2001-ம் ஆண்டு உத்தரவு குறைந்தபட்சம் 3,000 யூரோ என்று வைத்திருக்கிறது. திருப்பி அனுப்பப்படும் பயணியைத் தன் செலவிலேயே ஏற்றிக்கொண்டு வரவும் வேண்டும். ஆகவே கவுன்ட்டர் ஊழியருக்குச் சந்தேகம் வந்தால், ‘வேண்டாம்’ என்று சொல்வதுதான் அவருக்குப் பாதுகாப்பு. ‘ரிட்டர்ன் டிக்கெட் இருக்கா, எங்க தங்கப் போறீங்க’ எல்லாம் இதிலிருந்து வருபவை.

அவர் பார்க்கும் திரையில் இருப்பது பெரும்பாலும் ‘டைமேட்டிக்’. எந்த நாட்டு பாஸ்போர்ட்டுக்கு எங்கே என்ன விசா வேண்டும் என்று சொல்லும் தரவுத்தளம் இது. சர்வதேச விமானப் போக்குவரத்து சங்கமான ஐயாட்டா நடத்துகிறது. இடையில் மாறும் நாட்டின் விதியும் அதில் உண்டு. லண்டன் வழியாகப் போகும் இந்தியருக்கு டிரான்சிட் விசா வேண்டும். செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் விலக்கு. இதில் ஒரு பொறி. அமெரிக்காவில் வேலை பார்க்கும் பலருக்கு அங்கே தங்கும் அனுமதி நீட்டிக்கப்பட்டிருக்கும், ஆனால் பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசா காலாவதியாகியிருக்கும். ஊருக்கு வர லண்டன் வழியாக மலிவாக டிக்கெட் போட்டிருப்பார்கள். அந்த விலக்கு இவர்களுக்குப் பொருந்தாது. இது பெரும்பாலும் அமெரிக்க விமான நிலையத்தின் கவுன்ட்டரில், பெட்டியோடு நிற்கும்போதுதான் தெரியவரும்.

நம்ம ஊர்க்காரர்களுக்கென்றே ஒரு தலைவலி உண்டு: பெயர். குடும்பப் பெயர் இல்லாத பாஸ்போர்ட் தமிழ்நாட்டில் சாதாரணம். ‘கார்த்திக்’ என்று ஒரே சொல். சர்நேம் கட்டம் காலி. விமான நிறுவனத்தின் புக்கிங் படிவமோ ‘லாஸ்ட் நேம்’ இல்லாமல் அடுத்த பக்கத்துக்கே விடாது. சிலர் அப்பா பெயரைப் போடுகிறார்கள், சிலர் அதே பெயரை இரண்டு முறை. அமெரிக்க விசாவில் தூதரகம் அந்த ஒற்றைப் பெயரை சர்நேம் கட்டத்தில் போட்டு, முதல் பெயர் இடத்தில் ‘எஃப்என்யு’, அதாவது ‘முதல் பெயர் தெரியாது’ என்று அச்சிட்டுக் கொடுக்கிறது. பெற்றவர்கள் வைத்த பெயர் தெரியாதாம்! டிக்கெட்டில் எதைப் போடுவது என்பதற்கு நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு விதி. டிக்கெட் ஒரு நிறுவனம் விற்றது, விமானம் இன்னொன்றுடையது என்றால், விற்றவரிடம் போய் மாற்றிக்கொண்டு வாருங்கள் என்பார்கள், கவுன்ட்டர் மூட அரை மணி நேரம் இருக்கையில். ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டில் சுற்றுலா விசாவில் வருபவர்களை ஏற்க முடியாது என்று சொன்னபோது பலர் திணறினார்கள். பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் போதும் என்று பின்னர் தளர்த்தினார்கள்.

பெட்டி விவகாரத்தை ஒப்பிட்டால் எளிது. பவர் பேங்க் கைப்பையில்தான், 100 வாட்-மணி வரை தடையில்லை. வழக்கமான 20,000 எம்ஏஎச் அதற்குள் அடங்கும். ஒரு பெட்டி 32 கிலோவைத் தாண்டக் கூடாது. அம்மா கட்டிக் கொடுத்த கொப்பரைத் தேங்காயை வீட்டிலேயே வைத்துவிடுங்கள், தானாகத் தீப்பிடிக்கக்கூடிய பொருள் பட்டியலில் அது இருக்கிறது.

இதில் விமான நிறுவனங்களை எங்கே குறை சொல்லலாம் என்றால், சோதனை நடப்பதில் அல்ல, நடக்கும் நேரத்தில். டைமேட்டிக் டிக்கெட் விற்கும் அன்றும் அவர்கள் கையில் இருக்கிறது. பாஸ்போர்ட், விசா படங்களை முன்கூட்டியே வாங்கிச் சரிபார்க்கும் வசதியைச் சில நிறுவனங்கள் சில தடங்களில் தருகின்றன. அதை எல்லாத் தடங்களுக்கும் கொடுப்பதில் என்ன கஷ்டம்? இருக்கைகளை அதிகமாக விற்றுவிட்டு ஏற்ற மறுத்தால் நம் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதிப்படி இழப்பீடு உண்டு. ஆவணம் சரியில்லை என்று மறுத்தால், ஊழியரே தவறாகப் படித்திருந்தாலும், பயணி கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட வருவது அபூர்வம். மறுப்பதற்கான விதி எது என்று எழுத்தில் தருவதைக் கட்டாயமாக்குவது இயக்குநரகத்தின் கையில் இருக்கிறது. ஒற்றைப் பெயரை அப்படியே ஏற்கும் புக்கிங் படிவமும் அதே உத்தரவில் வரலாம்.

அதுவரை, பாஸ்போர்ட்டில் பெயரைப் பிரித்துக்கொள்வதாக இருந்தால் விசாவுக்கு விண்ணப்பிக்கும் முன்பே மறுவிநியோகத்துக்குக் கொடுத்துவிடுங்கள். பெயர், டிரான்சிட் பற்றி விமான நிறுவனத்திடம் மின்னஞ்சலில் கேட்டு, வரும் பதிலை அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். ‘போன்ல சரின்னு சொன்னாங்க’ என்பதை ராத்திரி ஒரு மணிக்குக் கவுன்ட்டரில் யாரும் கேட்கமாட்டார்கள்.